வயர் என்றால் கரண்ட் இல்லை

விளாத்திகுளம் புதூர் பக்கம் வயர் என்றால் இரண்டு பொருள்தான். ஒன்று கரண்ட் வயர், இன்னொன்று கூடை பின்னுகிற வயர். அந்த ஊர்ப் பெண் ஒருவரிடம் "ஆபரேஷனுக்கு முன்னாடி மார்பில் வயர் வைப்போம்" என்று ஒரு வரி சொல்லி, கையில் ஒரு தாளைக் கொடுத்து அனுப்பினால் என்ன ஆகும்? வீடு போய்ச் சேர்வதற்குள் பாதி தைரியம் போயிருக்கும்.

விஷயம் இவ்வளவுதான். சிலருக்கு மார்பில் இருக்கும் கட்டி கைக்குத் தட்டுப்படாது. மேமோகிராமிலோ ஸ்கேனிலோ மட்டும்தான் தெரியும். பெரிய கட்டியாக இருந்து, கீமோவில் சுருங்கிப் போனாலும் இதே கதை. அப்புறம் சர்ஜன் எதைப் பார்த்து வெட்டுவார்? அதனால் பெரும்பாலும் ஆபரேஷன் அன்றைக்கே, மரத்துப்போக ஊசி போட்டு, படத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு ஊசி வழியாக மெல்லிய கம்பியைக் கட்டி இருக்கும் இடம்வரை விடுகிறார்கள். நுனி தூண்டில் முள் மாதிரி இருக்கும், நகராமல் நிற்பதற்காக. மறுமுனை வெளியே இருக்கும், பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடுவார்கள். சர்ஜன் அதைப் பிடித்துக்கொண்டே போய், கட்டியையும் கம்பியையும் சேர்த்து எடுத்துவிடுவார். அமெரிக்காவில் ஹோவர்ட் ஃபிராங்க் குழுவினர் இந்தக் கொக்கிக் கம்பியைப் பற்றி 1976லேயே எழுதிவிட்டார்கள். கட்டி இருக்கும் இடம் சரியாகத் தெரிந்தால் அதை மட்டும் எடுக்கலாம். மார்பு மிஞ்சும். அதற்காகத்தான் இந்தப் பாடு.

இந்தியாவில் ஊர் ஊராக எல்லாருக்கும் மேமோகிராம் எடுக்கிற திட்டம் கிடையாது. அரசு திட்டத்தில் 30 வயதுக்கு மேல் கையால் தடவிப் பார்க்கும் பரிசோதனைதான். ஆகவே இங்கே பெரும்பாலும் கைக்குத் தெரிகிற கட்டிகளே ஆஸ்பத்திரிக்கு வருகின்றன. பக்கத்து வீட்டில், சொந்தத்தில் வயர் வைத்துக்கொண்டவர் யாராவது இருந்தால் கேட்கலாம். அப்படி ஒருவர் கிடைப்பதும் கஷ்டம்.

சரி, தாளில் என்ன இருக்கும்? "வெறும் வயிற்றில் வரவும்." கரிசல் காட்டில் வெறும் வயிறு என்றால் இட்லி, கஞ்சி எதுவும் சாப்பிடவில்லை என்று அர்த்தம். டீ குடித்தால் அது சாப்பிட்ட கணக்கில் வராது. காட்டு வேலைக்குப் போகிறவரும் சரி, தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவரும் சரி, விடிகாலையில் ஒரு டீயைக் குடித்துவிட்டு "இன்னும் பச்சத்தண்ணி பல்லில் படல" என்று மனசாரச் சொல்வார்கள். பொய் இல்லை, வழக்கம். ஆனால் மயக்க மருந்து கொடுப்பவருக்குப் பால் கலந்த டீ திட உணவு மாதிரி. பொதுவாக 6 மணி நேர இடைவெளி கேட்பார்கள். மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ காலை 8 மணிக்குப் போய்ச் சேர இருட்டோடு கிளம்பி, பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தால் ஆபரேஷன் தள்ளிப்போகலாம். இன்னொரு தேதி கொடுப்பார்கள்தான். புரட்டாசி, ஐப்பசி விதைப்பு நேரம் என்றால் அந்தத் தேதிக்கு அவர் வருவாரா?

அதே தாளில் நகை போடக்கூடாது என்று ஒரு வரி. தாலி நகையா? பக்கத்தில் மாட்டியிருக்கும் ஊக்குகள்? உலோகம் எல்லாமே மேமோகிராமை மறைக்கும். வாசலில் வைத்துக் கழற்றச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு அதுவே கெட்ட சகுனமாகப் படும். மஞ்சள் கயிறாக மாற்றிக்கொண்டு வரலாமா என்று முந்தைய வாரமே பேசியிருந்தால் வீட்டிலேயே முடிகிற காரியம். அன்றைக்கு பவுடர் பூசக்கூடாது என்பதற்கும் காரணம் சொல்ல வேண்டும். பவுடர் துகள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி விழும். முன்பக்கம் திறக்கும் சட்டை போட்டு வரச் சொல்லி வெளிநாட்டுத் தாள்களில் எழுதியிருக்கும். அதில் நம் ரவிக்கை என்றைக்கோ பாஸ்! ஆனால் இறுக்கமான ரவிக்கை கம்பியை அழுத்தும், தொளதொளவென்று இருப்பது நல்லது.

மாத்திரைதான் முக்கியம். இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் சாப்பிடுகிறவர் டாக்டரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும், தானாக நிறுத்தவும் கூடாது. சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ பட்டினியில் எடுத்தால் சர்க்கரை இறங்கிவிடும், அதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். கம்பி வைக்கும்போது சிலருக்குத் தலை சுற்றும். உடனே நர்ஸிடம் சொல்லலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

முன்கூட்டியே வைக்கக்கூடிய காந்த விதை மாதிரி வேறு முறைகளும் வந்துவிட்டன. ஆனால் விலை அதிகம். அதுவரை தூரத்து ஊர்க்காரர்களை முதல் நாள் சாயங்காலமே வார்டில் சேர்த்துக்கொள்வதில் ஆஸ்பத்திரிக்கு ஒரு கட்டில்தான் செலவு. ஒரு நர்ஸ் அந்தக் கம்பியையே கையில் எடுத்துக் காட்டி, "இதில் கரண்ட் இல்லைம்மா, நீங்க கண் முழிக்கும்போது இது உள்ளே இருக்காது" என்று சொல்ல 5 நிமிஷம் போதும். தாளிலும் "வெறும் வயிறு" என்பதை அடித்துவிட்டு எழுதலாம்: டீ, காபி, பால், மோர், வெற்றிலை, புகையிலை எதுவும் கூடாது, தண்ணீர் எத்தனை மணி வரை என்று நர்ஸ் சொல்வார்.