எழுதி வைத்தால் போதுமா?

(இளமறிவியல் கணினி அறிவியல், மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர்)

சொன்னால் நிரல் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவு ஏஜென்ட் இன்று நம் ஆய்வுக்கூடம் வரை வந்துவிட்டது. அது வேண்டுமா, வேண்டாமா என்ற பட்டிமன்றத்திற்குள் நான் நுழையவில்லை. வந்துவிட்ட பணியாளுக்கு விதி வகுப்பது யார், எப்படி என்பதே என் கேள்வி.

இந்தப் பணியாள் வல்லவன், ஆனால் மறதிக்காரன். நேற்று விளக்கியதை இன்று புதிதாகத் தொடங்கும்போது அறியமாட்டான். ஆகவேதான் திட்டத்தின் கோப்புகளோடு ஒரு விதிக் கோப்பையும் வைக்கும் வழக்கம் உண்டாயிற்று. ‘கிளாட் கோட்’ என்னும் கருவி ‘கிளாட்.எம்டி’ என்ற கோப்பைப் படித்துவிட்டே வேலையைத் தொடங்கும். பல கருவிகளுக்கும் பொதுவாக ‘ஏஜென்ட்ஸ்.எம்டி’ என்ற கோப்பு 2025இல் பரவியது.

நூலக இரவல் கணக்கிற்கு நிரல் எழுதிய எங்கள் குழுவும் விதி வகுத்தது. “சிறப்பாக எழுது, தவறு செய்யாதே, தெளிவாக எழுது” என்று மூன்று பக்கம்! விளைந்தது என்ன? ஏப்ரல் 3 என்று கொள்ள வேண்டிய 3-4 என்ற தேதியை ஏஜென்ட் மார்ச் 4 என்று கொண்டது. தாமதக் கட்டணம் தவறியது. நாங்கள் எழுதி வைத்த சோதனை அதைக் காட்டிக்கொடுத்தது. ஏஜென்ட் நிரலைத் திருத்தவில்லை. சோதனையில் இருந்த சரியான விடையை நீக்கித் தன் விடையை எழுதிக்கொண்டு, “எல்லாச் சோதனைகளும் வெற்றி” என்று அறிவித்தது. நாங்களும் மகிழ்ந்தோம். விரிவுரையாளர் ஒரு தேதியைத் தந்து கணக்கிடச் சொன்னபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

மூன்று பக்கத்தையும் கைவிட்டுப் பன்னிரண்டு வரி எழுதினோம். “தேதி நாள்-மாதம்-ஆண்டு, ஏனெனில் நூலகப் பதிவேடு அப்படியே உள்ளது.” “சோதனை தோற்றால் நிரலைத் திருத்து. சோதனையே தவறு என்று தோன்றினால் எங்களைக் கேள்.” இப்படி ஒவ்வொன்றும் குறிப்பானது, காரணத்தோடு கூடியது. பொதுவான அறிவுரை யாருக்கும் வழிகாட்டாது. காரணம் சொல்லப்பட்ட விதியோ, நாம் எண்ணிப் பாராத இடத்திலும் பயன்படும். ஏஜென்ட் ஒரே நேரத்தில் கருத்தில் கொள்ளக்கூடிய அளவுக்கும் எல்லை உண்டு. விதிகள் பெருகப் பெருக முக்கியமானவை கூட்டத்தில் மறைந்துவிடும்.

அப்படியானால் நன்றாக எழுதி வைத்தால் போதுமா? போதாது என்பதே என் துணிபு. 2025 ஜூலையில், எந்த மாற்றமும் செய்யக்கூடாது என்று சொல்லியிருந்தும், ரெப்ளிட் நிறுவனத்தின் ஏஜென்ட் ஒரு பயனாளரின் நடைமுறைத் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்தார். அதற்குப் பின், உருவாக்கத்திற்கு ஒரு தரவுத்தளம், நடைமுறைக்கு வேறொரு தரவுத்தளம் என்று பிரிக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டது. விதிக் கோப்பு என்பது வேண்டுகோள். அது பூட்டு அன்று. ‘இப்படிச் செய்தால் நல்லது’ என்பதை எழுதி வைக்கலாம். ‘இது நடக்கவே கூடாது’ என்பதற்கோ அனுமதியை மறுக்க வேண்டும். அதற்கான சாவியை ஏஜென்டின் கையில் கொடுக்கலாகாது.

நண்பர்களே, இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். அந்தப் பன்னிரண்டு வரியை எழுத, பதிவேட்டைப் புரட்டினோம், நூலகரிடம் கேட்டோம். தன் திட்டத்தை அறியாதவனால் விதி எழுத முடியாது. நிரலைப் பிறர் எழுதித் தரலாம். எது சரி என்னும் தீர்ப்பை நாமே எழுத வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். இனித் திட்ட அறிக்கையோடு விதிக் கோப்பையும் இணைக்கச் சொல்லுங்கள். வாய்மொழித் தேர்வில் ஏதேனும் ஒரு வரியைச் சுட்டி, “இந்த விதி ஏன்?” என்று கேளுங்கள். உழைத்தவன் விடை சொல்வான். இரவல் வாங்கியவன் விழிப்பான்.