விழாக்கள் யாருக்காக?

தை பிறந்துவிட்டால் நம் பங்குகளின் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதுக் காய்ச்சல் பரவத் தொடங்குகிறது. பிற்பகல் மணி இரண்டு ஆனதும் கரும்பலகை துடைக்கப்படுகிறது, பெஞ்சுகள் ஓரங்கட்டப்படுகின்றன, ஒலிபெருக்கி அலறுகிறது. ஆண்டு விழா ஒத்திகை! ஆடத் தேர்ந்தெடுக்கப்பட்ட குழந்தைகள் வியர்க்க வியர்க்க ஆடுகின்றனர். தேர்ந்தெடுக்கப்படாதவர்களோ வேப்பமரத்தடியில் வரிசையாக உட்கார வைக்கப்பட்டு, வாயில் விரல் வைத்து மௌனம் காக்கின்றனர். ஏறத்தாழ ஆறு வாரங்களுக்கு அவர்களுக்கு இதுவே பாடம்.

இக்காட்சியை நாம் வெளியில் நின்று பார்த்துக் குறை கூறவில்லை. பங்குத்தந்தை என்ற முறையில் பள்ளித் தாளாளராக இருந்து, பல ஆண்டுகள் விழா மேடையின் நடு நாற்காலியில் அமர்ந்து, பொன்னாடைகளை ஏற்றுக்கொண்டவர்கள் நாம். எனவே இக்கட்டுரையில் சொல்லப்படும் குற்றங்களுக்கு முதல் குற்றவாளியாக நம்மையே நிறுத்திக்கொண்டுதான் எழுதுகிறோம்.

நாம் கேட்பது இதுதான்: கத்தோலிக்கத் தொடக்கப் பள்ளியில் நடைபெறும் விழா யாருக்காக? குழந்தைகளுக்காகவா, குழந்தைகளை வைத்துப் பெரியவர்களுக்காகவா?

ஒரு சிறுமி சொன்ன பொய்

நாம் முன்னர் பணியாற்றிய ஒரு பங்கில், மூன்றாம் வகுப்பில் ஒரு சிறுமி இருந்தாள். வகுப்பிலேயே அழகாக ஆடுகிறவள் அவள்தான் என்று ஆசிரியை சொல்வார். ஆண்டு விழா நடனத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆடை வாடகை, ஒப்பனை எல்லாம் சேர்த்து 600 ரூபாய் கொண்டுவரச் சொன்னார்கள். மறுநாள் அச்சிறுமி வந்து, "எனக்கு ஆட வராது டீச்சர்" என்றாளாம். அவளுக்குப் பதிலாக வேறொரு குழந்தை ஆடியது. விழா இனிதே நடந்தேறியது. நாமும் நன்றி கூறிக் கைதட்டிவிட்டு வந்தோம்.

இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவளுடைய தாய் நம்மிடம் வந்தார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர். "பணம் கேட்டா நான் கடன் வாங்குவேன்னு தெரிஞ்சு, பிள்ளை என்கிட்டச் சொல்லவே இல்லை சாமி. பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லித்தான் தெரியும்" என்றார். அவர் நம்மைக் குறை கூறவில்லை. மகளைக் குறித்துப் பெருமைப்படவே வந்தார். நமக்குத்தான் தலை நிமிரவில்லை.

அச்சிறுமி சொன்னது பொய். ஆனால் அந்தப் பொய்யின் பாவம் அவளுடையதன்று, நம்முடையது. எட்டு வயதுக் குழந்தை தன் திறமையைத் தானே மறுத்துச் சொல்லும்படி செய்த பள்ளி, சுவரெல்லாம் நற்செய்தி வசனங்களை எழுதி வைத்திருந்து என்ன பயன்?

கணக்கைப் பார்ப்போம்

2024-25ஆம் நிதியாண்டில் நூறு நாள் வேலைத் திட்டத்தின்கீழ்த் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நாள் கூலி 319 ரூபாய். அப்படியானால் 600 ரூபாய் என்பது ஒரு தாயின் ஏறத்தாழ இரண்டு நாள் வெயில். 2022-இல் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், 2024 ஜூலையில் ஊரகப் பகுதிகளின் அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. நம் பள்ளிகளில் காலையில் தட்டேந்தி அமர்கிறவர்கள் யார்? விடிவதற்குள் வேலைக்குப் புறப்பட்டுவிடுகிற தாய்மாரின் பிள்ளைகள். எந்தக் குழந்தை பசியோடு வருகிறது என்று அறிந்து அரசு உணவளிக்கிறது. அதே குழந்தையிடம் நாம் ஒப்பனைக்குப் பணம் கேட்கிறோம்!

பணத்தை விடுங்கள், நேரத்தைப் பாருங்கள். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் ஒன்று முதல் ஐந்து வரையுள்ள வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாட்களும் 800 மணி நேரக் கற்பித்தலும் வேண்டும் என்கிறது. ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒத்திகை என்றால் 60 மணி நேரம் போய்விடுகிறது. 800-இல் இது ஏறத்தாழப் பதின்மூன்றில் ஒரு பங்கு. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் எழுத்துக் கூட்டிப் படிக்கவும் தெரியாமல் போன பிள்ளைகளுக்காகவே 2022-இல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் தொடங்கப்பட்டது. அவ்வளவு அருமையான நேரத்தை நாம் ஒலிபெருக்கிக்குக் காவு கொடுக்கிறோம்.

'சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டதே' என்று சட்டம் அறிந்த சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். சட்டம் நமக்கு விலக்களித்தது; மனச்சான்றும் விலக்களித்துவிட்டதா? அரசியலமைப்பின் 30ஆம் பிரிவு நமக்குத் தந்த உரிமையைக் காக்க நீதிமன்றப் படிகள் ஏறுகிறோம். அந்த உரிமையைக் கொண்டு ஏழைக் குழந்தைக்கு நாம் என்ன செய்தோம் என்று ஆண்டவர் கேட்கும்போது, விழா மலரையா எடுத்து நீட்டுவோம்?

முன்வரிசை சோபாக்கள்

அந்தப் பள்ளியில் 240 பிள்ளைகள். மேடை ஏறியவர்கள் 70 பேருக்கும் குறைவு. அவர்களிலும் சிலர் மூன்று நான்கு நிகழ்ச்சிகளில் மாறி மாறி வந்தார்கள். ஏனைய 170 குழந்தைகள் மாலை நான்கு மணி முதல் மணல் தரையில். சிறப்பு விருந்தினர் வந்தது ஆறரைக்கு. அதன்பின் வரவேற்புரை, ஆண்டறிக்கை, பொன்னாடை, வாழ்த்துரை, சிறப்புரை. முதல் நடனம் தொடங்கியபோது சின்னஞ்சிறுசுகள் பலர் ஒருவர் மடியில் ஒருவர் சாய்ந்து உறங்கிப் போயிருந்தனர். முன்வரிசையில் துணி விரித்த சோபாக்கள். அவற்றில் நன்கொடையாளர்கள், உள்ளூர்ப் பிரமுகர்கள், நம்மைப் போன்ற குருக்கள்.

தூய யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இக்காட்சியைத்தான் கண்டிக்கிறார். பொன் மோதிரம் அணிந்து வருகிறவருக்கு நல்ல இருக்கை. கந்தை அணிந்து வருகிற ஏழைக்குக் காலடியில் இடம். இப்படிப் பாகுபாடு செய்கிறவர்களைத் தீய எண்ணம் கொண்ட நடுவர்கள் என்கிறார் அவர். இப்பகுதியை நாம் திருப்பலியில் வாசிக்கிறோம், மறையுரையும் ஆற்றுகிறோம். மாலையில் சோபாவைத் துடைத்துப் போடுகிறோம்.

மாறுவேடப் போட்டியை எண்ணிப் பாருங்கள். நீலக் கரையிட்ட வெள்ளைச் சேலையில் அன்னை தெரசாவாக வருகிற குழந்தைக்கு முதல் பரிசு. அன்னை தெரசா தேடிச் சென்றிருக்கக்கூடிய குழந்தை, கிழிந்த சீருடையோடு தரையில் அமர்ந்து அதற்குக் கைதட்டுகிறது. பிறந்தநாள் கொண்டாட்டம் இன்னொரு கொடுமை. வண்ண உடையில் வருகிற பிள்ளை வகுப்புக்கு வகுப்பு மிட்டாய் வழங்கி வாழ்த்துப் பெறுகிறது. மிட்டாய் வாங்க இயலாத வீட்டுப் பிள்ளை தன் பிறந்தநாளை யாருக்கும் தெரியாமல் ஒளித்துக்கொள்கிறது. பிறந்ததற்காக வெட்கப்படும் கலையையும் நம் வகுப்பறை கற்றுத் தருகிறதா?

எதிர்வாதங்கள்

'விழாவே வேண்டாமா? குழந்தைகளின் மகிழ்ச்சியைப் பறிப்பதா?' என்பர். இல்லை. விளையாடவும் கலைகளில் பங்குபெறவும் ஒவ்வொரு குழந்தைக்கும் உரிமை உண்டு என்று 1989ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவையின் குழந்தை உரிமைகள் உடன்படிக்கை 31ஆம் பிரிவில் கூறுகிறது; நம் நாடு 1992-இல் அதை ஏற்றது. ஒவ்வொரு குழந்தைக்கும் என்ற சொல்லைத்தான் நாம் பிடித்துக்கொள்கிறோம். விழா குறைய வேண்டும் என்பதன்று நம் வாதம். அது எல்லாப் பிள்ளைகளுக்கும் சேரும்படி பெருக வேண்டும் என்பதே.

'மேடை ஏறினால் கூச்சம் போகும்' என்பர். மெய்தான். மேடை கூச்சத்துக்கு மருந்து என்றால், அம்மருந்தை ஏற்கெனவே நலமாயிருக்கும் பிள்ளைக்கே ஆண்டுதோறும் ஊட்டுவது ஏன்? திக்கிப் பேசுகிறவனும், கறுத்தவள் என்று பின்வரிசைக்குத் தள்ளப்படுகிறவளும், காலை இழுத்து நடக்கிறவனும் அல்லவா முதலில் ஏற வேண்டியவர்கள்?

'விழா இல்லாவிட்டால் சேர்க்கை குறையும். பக்கத்து ஆங்கிலப் பள்ளியின் வேன் வந்து பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும்' என்பது தலைமையாசிரியரின் அச்சம். இது வெறும் அச்சமன்று. உதவிபெறும் பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் ஆசிரியர் பணியிடமும் குறையும் என்பதை நாம் அறிவோம். ஆனால் ஆடம்பரத்தில் அப்பள்ளிகளோடு போட்டியிட்டு நாம் என்றேனும் வெல்ல முடியுமா? தன் பிள்ளை தடையின்றித் தமிழ் படிக்கிறது, கணக்குப் போடுகிறது, நாலு பேர்முன் பேசுகிறது என்று கண்ட பெற்றோர் அவ்வளவு எளிதில் விட்டுப் போகமாட்டார்கள்.

வகுப்பறையே விழாக்கூடம்

மறுஆண்டு நாம் துணிந்து ஒரு மாற்றம் செய்தோம். பொது மேடையைக் கைவிட்டு, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பிற்பகலை ஒதுக்கினோம். வகுப்பறையிலேயே விழா, பெற்றோரே விருந்தினர், ஒவ்வொரு பிள்ளையும் ஏதேனும் ஒன்று செய்யவேண்டும், ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது. இவ்வளவே விதி.

இரண்டாம் வகுப்பில் ஒரு பாட்டி வந்து கதை சொன்னார். பிள்ளைகள் அதையே நடித்தனர். நான்காம் வகுப்பினர் தேங்காய்ச் சிரட்டையில் தாங்கள் விதைத்த அவரையைக் கொண்டுவந்து, எந்த நாளில் எத்தனை இலை விட்டது என்று கணக்குச் சொன்னார்கள். கிறிஸ்து பிறப்பின்போது ஐந்தாம் வகுப்பின் 38 பேரும் ஆளுக்கொரு களிமண் பொம்மை செய்து குடில் வைத்தார்கள். 1223-இல் கிரேச்சோ என்னும் சிற்றூரில் புனித அசிசி பிரான்சிஸ் அமைத்த குடிலில் வைக்கோலும் எருதும் கழுதையும் ஊர் மக்களும்தான் இருந்தார்கள். தெர்மாக்கோலும் வண்ண விளக்குச் சரமும் இல்லை. நம் பிள்ளைகளின் குடிலில் ஏழு மாடுகள் இருந்தன; சூசையப்பரைச் செய்ய எல்லாரும் மறந்துவிட்டார்கள்! கடைசி நேரத்தில், நம் சமயத்தைச் சாராத ஒரு தச்சுத் தொழிலாளியின் மகன், "எங்க அப்பா மாதிரியே செய்றேன்" என்று சொல்லி, காதில் பென்சில் செருகிய சூசையப்பரைச் செய்து வைத்தான். எந்த மறைக்கல்விப் பாடமும் அவ்வளவு தெளிவாக அவரை நமக்குக் காட்டியதில்லை.

குறைகளும் இருந்தன. ஆசிரியைகளுக்கு வேலை கூடிற்று. 'இந்த ஆண்டு விழாவே இல்லையா சாமி?' என்று பங்குப் பேரவையினர் சிலர் முகம் சுளித்தனர். நன்கொடையாளர் ஒருவர் தம்மை அழைக்கவில்லை என்று வருந்தினார். ஆனால் பெயர் அழைக்கப்படாத குழந்தை என்று ஒன்றுகூட அவ்வாண்டு இல்லை.

இது நாம் கண்டுபிடித்த புதுமையுமன்று. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, பின்னர்த் தமிழகமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றலில், குழந்தையின் உயரத்துக்கே கரும்பலகையைத் தாழ்த்தி வைத்தார்கள். அதற்கும் நெடுங்காலம் முன்பே, 17ஆம் நூற்றாண்டுப் பிரான்சில், ஏழைச் சிறுவர்களை வகுப்பில் அமர்த்தி இலத்தீனுக்கு முன்பாகத் தாய்மொழியிலேயே வாசிக்கக் கற்பித்தார் புனித தெ லா சால். 1950-இல் திருச்சபை அவரை ஆசிரியர்களின் பாதுகாவலராக அறிவித்தது அதற்காகத்தான். 1965 அக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய ஏடும், பொருளற்ற ஏழைகள், குடும்பப் பாசம் இழந்தோர், நம் நம்பிக்கையைச் சாராதோர் ஆகியோரின்மீது கத்தோலிக்கப் பள்ளிகள் தனி அக்கறை கொள்ள வேண்டுமென்று அதன் 9ஆம் எண்ணில் வலியுறுத்துகிறது. கரும்பலகையைக் குழந்தையின் உயரத்துக்குத் தாழ்த்தியதுபோல மேடையையும் தாழ்த்தினால் என்ன?

பெற்றோருக்கு ஒரு சொல்

அன்பார்ந்த பெற்றோரே, பழி முழுவதும் பள்ளியின்மேல் அன்று. பக்கத்து வீட்டுப் பிள்ளை ஆடுகிறது என்பதற்காக நம் பிள்ளையும் ஆடவேண்டும் என்று ஆசிரியையை நெருக்குகிறவர்கள் நாம். நிழற்படம் எடுத்ததும், அடுத்த வீட்டுப் பிள்ளையின் ஆட்டத்தைப் பாராமலே எழுந்து செல்கிறவர்களும் நாமே. இனி ஆடைக்குப் பணம் கேட்டால், கொடுக்க வசதி உள்ளவர்களே முதலில் எழுந்து மறுத்துச் சொல்லுங்கள். இல்லாதவர் மறுத்தால் அது வறுமை. இருப்பவர் மறுத்தால் அது சாட்சியம்.

சிறு பிள்ளைகளை ஆண்டவரிடம் கொண்டுவந்தபோது அவர்களைத் தடுத்தவர்கள் பகைவர் அல்லர், சீடர்கள்தாம். ஆண்டவர் கோபம் கொண்டதும் அவர்கள்மீதுதான். கூட்டம் ஒழுங்காக நடக்கவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடுதான் அவர்களும் தடுத்திருப்பார்கள். நாமும் அப்படித்தான், விழா சிறப்பாக அமையவேண்டும் என்ற நல்லெண்ணத்தோடு தடுக்கிறோம்.

அடுத்த ஆண்டு விழாவுக்கு அழைப்பிதழ் அச்சிடுமுன் தாளாளர்களும் தலைமையாசிரியர்களும் வருகைப் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பெயருக்கு நேராகவும், 'இந்தப் பிள்ளை விழாவில் என்ன செய்யப்போகிறது?' என்று எழுதட்டும். ஒரு பெயருக்கு நேராகவேனும் இடம் வெறுமையாய் இருந்தால், அழைப்பிதழ் அச்சகத்துக்குப் போகவேண்டாம்.