ஊழிப் பகிடி

2012 டிசெம்பர் 21இல் உலகம் அழியும் என்றனர். மாயர் நாட்காட்டியின் ஒரு சுற்று முடிந்தது, உலகம் முடியவில்லை. அன்று சிரித்ததில் தவறில்லை. ஆனால், 2022இல் எரிவாயுவுக்கு மக்கள் வரிசையில் நின்றபோது, 'ஊழிக்காலம் வந்துவிட்டது. மரவள்ளி நட்டுத் தப்பிக்கொள்ளுங்கள்' என்று பகிடி பேசினோமே, அச்சிரிப்பு யாருக்குத் துணைபோயிற்று? அவ்வாண்டு யூனில் அரசும், பயிர் செய்யுமாறு தன் ஊழியர்க்கு வெள்ளிக்கிழமை விடுமுறை வழங்கியது. பகிடியும் அரச ஆணையும் ஒன்றையே கூறின: தப்புவது உன் பாடு!

ஊழிக்கு எவரும் பொறுப்பாளியல்லர். பொருளாதார வீழ்ச்சி அத்தகையதா? 2019இன் வரிக்குறைப்பும் 2021இன் இரசாயன உர இறக்குமதித் தடையும் மனிதர் கையொப்பமிட்ட முடிவுகள். 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் மீளச்செலுத்தல் இடைநிறுத்தப்பட்டது. நெருக்கடிக்கு ஆட்சியிலிருந்தோர் பொறுப்பாளிகள் என 2023 நவம்பரில் உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது.

வரிசையில் நின்றவன் தன் துயரைத் தாங்கச் சிரித்தான். அது அவன் உரிமை. மனிதர் இழைத்த தவறை விதியாக்கிக் காட்டும் சிரிப்பையே நாம் மறுக்கிறோம். கற்றோரே, இனியேனும் நமது எள்ளல் கையொப்பமிட்டவர்களை நோக்கித் திரும்பட்டும்!