நோயாளியின் தூதர் யார்?

வைத்தியரிடத்திலும் வக்கீலிடத்திலும் உண்மையை ஒளிக்கலாகாதென்பது நம் நாட்டில் நெடுங்காலமாய் வழங்கிவரும் வார்த்தை. ஒளியாமல் சொல்லுகிறவன் ஒரு நம்பிக்கையின் பேரில் சொல்லுகிறான். தான் சொன்னது அந்த அறையை விட்டு வெளியே போகாது என்பதே அந்த நம்பிக்கை. இந்நாளிலோ அவ்வறைக்குள் மூன்றாவது மனிதர் ஒருவர் வந்து அமர்ந்திருக்கிறார். நோயாளியின் கண்ணுக்கு அவர் தென்படுவதில்லை. வைத்தியருக்கும் பெரும்பாலும் அவரை நேரில் தெரியாது. வைத்தியருடைய மேஜையின்மேல் இருக்கும் கம்ப்யூட்டரில் ஓடுகிற மென்பொருளைச் செய்து கொடுத்தவரே அவர். நோயாளியின் இரத்தப் பரிசோதனை விவரமும், மருந்துச் சீட்டும், வெளியில் சொல்லக் கூசும் வியாதியின் பெயரும் அவர் செய்த கருவியின் வழியாகவே ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து மற்றோர் ஆஸ்பத்திரிக்குச் செல்லுகின்றன. இவருக்கு இந்த உரிமையை அளிப்பவர் யார்? எந்தப் பரீக்ஷையின் பேரில் அளிக்கிறார்? இவர் தவறினால் நோயாளிக்குப் பதில் சொல்லுகிறவர் யார்? இக்கேள்விகளை நமது ஜனங்கள் இதுகாறும் போதிய அளவு கேட்கவில்லை. கேட்க வேண்டிய காலம் வந்துவிட்டதென்பது நமது அபிப்பிராயம்.

விஷயத்தின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லுவோம். 2017-ஆம் வருஷத்துத் தேசிய சுகாதாரக் கொள்கை, நாடு முழுவதிலுமுள்ள சிகிச்சைக் குறிப்புகளைக் கம்ப்யூட்டர் வழியாக ஒன்றோடொன்று இணைக்க வேண்டுமென்று கூறிற்று. 2020 ஆகஸ்டு 15-ஆம் தேதி அறிவிக்கப்பட்ட திட்டம், முதலில் ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதனையாக நடந்தது. அவற்றுள் நமது புதுச்சேரியும் ஒன்று. 2021 செப்டம்பர் 27-ஆம் தேதி 'ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன்' என்ற பெயரில் அது தேசம் முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் மத்திய மந்திரிசபை ஐந்து வருஷங்களுக்கு 1,600 கோடி ரூபாய் செலவிட அனுமதி தந்தது. தேசிய சுகாதார ஆணையம் இதை நடத்திவருகிறது. ஒவ்வொருவருக்கும் 'ஆபா' என்னும் 14 இலக்க எண் வழங்கப்படுகிறது. 2025-ஆம் வருஷத் தொடக்கத்திலேயே இத்தகைய எண்கள் 70 கோடிக்கு மேல் வழங்கப்பட்டுவிட்டன.

திட்டத்தின் நோக்கம் நல்லது என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. துணிப்பை நிறையக் காகிதங்களையும் எக்ஸ்-ரே படங்களையும் சுமந்துகொண்டு ஊர் ஊராய் அலையும் ஏழை நோயாளியைப் பார்த்திராதவர் நம்மில் இல்லை. மதுரையில் செய்த பரிசோதனையைச் சென்னை வைத்தியர் காண வழியில்லாமையால் அதே பரிசோதனைக்கு மறுபடியும் பணம் கட்டும் கொடுமையும் தினசரி நடப்பதே. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்திற்குள் சிகிச்சைக் குறிப்புகளைத் தரவேண்டுமென்று வைத்தியர்களின் ஒழுக்கம் பற்றிய 2002-ஆம் வருஷத்து விதிகள் விதித்திருக்கின்றன. அவ்விதியைச் சொல்லிக் குறிப்புகளைப் பெற்ற நோயாளிகள் எத்தனை பேர்? ஆகவே, குறிப்புகள் நோயாளியின் உத்தரவுப்படி தாமே சென்று சேரும் ஏற்பாட்டை நாம் மனமார வரவேற்கிறோம். வரவேற்பதனாலேயே அது பழுதின்றி நடைபெற வேண்டுமென்பதில் நமக்குக் கவலை அதிகம்.

இவ்வேற்பாடு வேலை செய்யும் விதத்தை வாசகர்கள் அறிதல் வேண்டும். நாட்டிலுள்ள எல்லா நோயாளிகளின் குறிப்புகளையும் சர்க்கார் ஒரே களஞ்சியத்தில் கொட்டி வைப்பதில்லை. குறிப்புகள் அந்தந்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். வேறோர் ஆஸ்பத்திரி அவற்றைக் கேட்டால் நோயாளியிடம் சம்மதம் கேட்கப்படும். எந்தக் காரியத்திற்கு, எந்தக் குறிப்புகள், எத்தனை நாட்களுக்கு என்பவை அடங்கிய சம்மதச் சீட்டு ஒன்று கம்ப்யூட்டர் வழியாகவே உண்டாகும். பிறகு குறிப்புகள் பூட்டப்பட்ட நிலையில் அனுப்பப்பட்டு, கேட்டவரிடத்தில் திறக்கப்படும். இது தபாலைப் போன்றதே. வழியில் உறை ஒட்டியிருக்கிறது. ஆனால் கடிதத்தை எழுதி ஒட்டுகிற இடத்திலும், பிரித்துப் படிக்கிற இடத்திலும் உறை ஏது? அவ்விரண்டு இடங்களிலும் இருப்பது தனியார் கம்பெனிகள் செய்த மென்பொருளே. ஆபத்து வழியில் இருப்பதைவிட இரு முனைகளிலும் அதிகம். எனவே, அம்மென்பொருளைச் செய்பவர்க்கு அங்கீகாரம் அளிக்கும் முறையே இத்திட்டம் முழுவதற்கும் அஸ்திவாரமாகிறது.

அந்த முறை இப்பொழுது எப்படியிருக்கிறது? மென்பொருள் செய்பவர் முதலில் 'சாண்ட்பாக்ஸ்' என்னும் சோதனைக் களத்தில் பதிவு செய்துகொள்ளுகிறார். அங்கே மூன்று படிகள் உண்டு. நோயாளியின் எண்ணை உண்டாக்கிச் சரிபார்ப்பது முதற்படி. குறிப்புகளை அவ்வெண்ணோடு இணைத்துப் பிறருக்கு அனுப்புவது இரண்டாம் படி. பிறரிடமுள்ள குறிப்புகளைச் சம்மதத்தின் பேரில் வரவழைப்பது மூன்றாம் படி. இவற்றைச் செய்து காட்டியபின், 'செர்ட்-இன்' என்னும் சர்க்கார் ஸ்தாபனத்தின் பட்டியலிலுள்ள தணிக்கையாளர் ஒருவரிடம் பாதுகாப்புச் சான்று பெற வேண்டும். அதன் பின்னரே உண்மையான நோயாளிகளின் குறிப்புகளைத் தொட அனுமதி கிடைக்கும். ஒன்றுமில்லாதிருந்த நிலைக்கு இது எவ்வளவோ மேல். ஆயினும் இதிலுள்ள குறைகள் அற்பமானவையல்ல.

முதற் குறை, தணிக்கையாளரைத் தேர்ந்தெடுப்பவரும் அவருக்குக் கூலி கொடுப்பவரும் தணிக்கைக்கு உட்படுகிறவரே என்பது. மாணாக்கனே பரீக்ஷகரை அமர்த்திச் சம்பளமும் கொடுக்கும் கலாசாலையின் பட்டத்தை நாம் எவ்வளவு மதிப்போம்? தணிக்கையாளர்கள் யாவரும் யோக்கியர்களாகவே இருக்கலாம். ஆனால் யோக்கியதையை மட்டும் நம்பி ஏற்பாடுகளை வகுப்பது ராஜ்ய நிர்வாகத்தின் வழக்கமன்று. மேலும், மென்பொருள் கல்லில் வெட்டிய சாஸனமன்று, மாதந்தோறும் மாறுவது. சான்று பெற்றது ஒன்றாகவும், ஆஸ்பத்திரியில் ஓடுவது வேறொன்றாகவும் இருந்துவிடலாகாது.

இரண்டாவது குறை, சட்டத்தைச் சார்ந்தது. இதுவே நம்மை மிகவும் வருத்துகிறது. மருந்தை எடுத்துக் கொடுக்கிறவர் பெயர் 1948-ஆம் வருஷத்து மருந்தாளுநர் சட்டப்படி பதிவேட்டில் இருக்கவேண்டும். வக்கீலை 1961-ஆம் வருஷத்துச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வைத்தியர் தவறினால் அவர் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடலாம். 1898-ஆம் வருஷத்துத் தபால் சட்டம், அதை 2023-ஆம் வருஷத்துச் சட்டம் நீக்கும்வரை, பிறர் கடிதத்தை அக்கிரமமாய்ப் பிரித்த தபால் சேவகருக்குச் சிறைத் தண்டனை விதித்திருந்தது. நோயாளியின் குறிப்புகளைக் கையாளும் மென்பொருள்காரருக்கு இவற்றிற்கு நிகரான சட்டம் கிடையாது. அவருக்குள்ள அங்கீகாரம் கொள்கை அறிக்கையையும் ஒப்பந்தத்தையும் பற்றி நிற்பது. சுகாதாரக் குறிப்புகளுக்கென்று தனிச் சட்ட நகலொன்றைச் சுகாதார மந்திரி இலாகா 2018-இல் வெளியிட்டது. அது சட்டமாகாமலே நின்றுவிட்டது.

2023-ஆம் வருஷத்து டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்று சிலர் கேட்கலாம். அச்சட்டத்தை ஊன்றிப் படித்தால் கவலை குறைவதில்லை. தரவு எதற்காக, எவ்வாறு பயன்பட வேண்டுமென்று தீர்மானிப்பவர்மீதே அது கடமைகளைச் சுமத்துகிறது. அவருக்காக வேலை செய்து கொடுப்பவரை ஒப்பந்தத்திற்கு விட்டுவிடுகிறது. இதன் பலன் யாது? தஞ்சாவூரில் பத்துப் படுக்கைகளோடு ஆஸ்பத்திரி நடத்தும் வைத்தியர் சட்டத்தின்முன் நிற்பார். அவருக்கு மென்பொருள் விற்ற பெரிய கம்பெனி, ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துக்களின் பின்னே நிற்கும். பாதுகாப்பில் தவறியவருக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டென்பது மெய். ஆனால் அப்பணம் முழுவதும் இந்திய சர்க்காரின் பொது நிதிக்குப் போய்ச் சேரும். மானம் இழந்த நோயாளிக்கு ஒரு காசும் இல்லை. இன்னும் ஒன்று: கவனக்குறைவால் பிறருக்கு நஷ்டம் விளைத்த கம்பெனி, நஷ்டப்பட்டவருக்கே ஈடு செய்ய வேண்டுமென்று கூறுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ பிரிவு. அப்பிரிவை நீக்கிவிடவும் புதிய சட்டத்தின் 44-ஆம் பிரிவு வகை செய்திருக்கிறது. அந்தரங்கம் ஒவ்வொரு பிரஜையின் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டு 24-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாய்த் தீர்ப்பளித்தார்கள். உரிமை பறிபோனால் பரிகாரம் இல்லையென்றால், அவ்வுரிமை ஏட்டுச் சுரைக்காயே.

மூன்றாவது குறை, ஆணையத்தின் நிலையைப் பற்றியது. மென்பொருள்களுக்கு அங்கீகாரம் தருவதும் ஆணையமே; பொதுஜனங்களுக்கெனத் தன் சொந்தச் செயலியை நடத்துவதும் ஆணையமே; சர்க்காரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நிர்வகிப்பதும் அதுவே. அன்றியும், 2023 ஜனவரியில் தொடங்கிய ஊக்கத்தொகைத் திட்டத்தின்படி, இணைக்கும் குறிப்புகளின் எண்ணிக்கையைக் கொண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் மென்பொருள் கம்பெனிகளுக்கும் பணம் கொடுப்பதும் அதுவே. எண்ணிக்கை பெருக வேண்டுமென்ற அவசரமும், தகுதியற்றவரைத் தடுக்க வேண்டுமென்ற நிதானமும் ஒரே மேஜையில் இருந்தால், அவசரமே வெல்லும். பந்தாடுகிறவரே நடுவராயிருப்பது யாருக்கும் நல்லதன்று, நடுவருக்கும் நல்லதன்று.

இவையெல்லாம் வீண் பயமா? அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம். அங்கே ஆஸ்பத்திரிகளுக்கும் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்கும் இடையே செய்திகளைக் கொண்டுசெல்லும் 'சேஞ்ச் ஹெல்த்கேர்' என்ற ஸ்தாபனத்திற்குள் 2024 பிப்ரவரியில் கம்ப்யூட்டர் திருடர்கள் புகுந்தார்கள். அவர்கள் புகுந்த வாசலுக்கு இரண்டாவது பூட்டு போட்டிருக்கவில்லையென்று தாய்க் கம்பெனியின் தலைவரே அமெரிக்கக் காங்கிரஸின் முன் ஒப்புக்கொண்டார். மருந்துக் கடைகளும் ஆஸ்பத்திரிகளும் பல வாரங்கள் தத்தளித்தன. சுமார் 19 கோடி மக்களின் விவரங்கள் வெளிப்பட்டதாய்ப் பின்னர்க் கணக்கிட்டார்கள். அந்நாட்டில் சட்டமும் உண்டு, பணமும் உண்டு. அங்கேயே ஒரு தூதரின் அஜாக்கிரதை இவ்வளவு கேடு விளைத்தது. நம் நாட்டிலும் 2022 நவம்பர் 23-ஆம் தேதி டில்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர்கள் தாக்கப்பட்டு, பல நாட்கள் காகிதத்தையும் பேனாவையும் கொண்டே வேலை நடந்தது. அது இத்திட்டத்தின் குற்றமன்று. ஆனால் தேசத்தின் தலைசிறந்த ஆஸ்பத்திரிக்கே அந்தக் கதியென்றால், தாலுகா ஊர்களிலுள்ள சிறு ஆஸ்பத்திரிகள் தங்கள் மென்பொருள்காரரையே முற்றும் நம்பியிருக்கின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

நிற்க. நிபந்தனைகளைக் கூட்டினால் சிறு கம்பெனிகள் அழிந்து, பெருமுதலாளிகளும் அந்நியரும் மட்டுமே மிஞ்சுவார்கள் என்று ஓர் ஆட்சேபம் உண்டு. ராஜாஜி கண்டித்த லைசென்ஸ்-பெர்மிட் ராஜ்யம் இத்துறையிலும் நுழைந்துவிடலாமென்ற அச்சம் நியாயமானதே. கோயம்புத்தூரிலோ திருநெல்வேலியிலோ நான்கு இளைஞர்கள் கூடிச் செய்யும் நல்ல மென்பொருளுக்கு இடமில்லாமற் போனால், அது சுதேசியத்திற்குத் துரோகமாகும். ஆனால் சிறியவரைக் கொல்லுவது பரீக்ஷையின் கடுமையன்று. பரீக்ஷைக்கு ஆகும் செலவும் காலதாமதமும், முடிவுக்குக் காரணம் கூறாத வழக்கமுமே. இவற்றை நீக்கிவிட்டால், கடுமையான பரீக்ஷை சிறியவருக்கு அனுகூலமே. தேறிவிட்ட சிறியவரைப் பெரியவர் விளம்பர பலத்தால் தள்ளிவிட முடியாதல்லவா?

ஆகவே நாம் யோசனையாகக் கூறுவது இது. அங்கீகாரம் வழங்கும் அதிகாரம் பார்லிமெண்டின் சட்டத்தால் உண்டாகி, திட்டத்தை நடத்தும் ஆணையத்தினின்றும் பிரிந்த தனி ஸ்தாபனம் ஒன்றிடம் இருக்க வேண்டும். தணிக்கையாளரை அந்த ஸ்தாபனமே சீட்டுக் குலுக்கி அமர்த்த வேண்டும். கூலி பொது நிதியிலிருந்து போக வேண்டும். அந்நிதிக்குப் பெரிய கம்பெனிகள் வருமானத்திற்கேற்ப வரி செலுத்தட்டும். சிறியவருக்கும், மூலத்தை யாவர்க்கும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்களுக்கும் கட்டணம் வேண்டாம். வருஷம் ஒரு முறையும், பெரிய மாறுதல் ஒவ்வொன்றின் போதும் மறுபரீக்ஷை நடக்க வேண்டும். இப்பொழுது இணைந்தோரின் பட்டியல் வெளியாகிறது, அது நல்லதே. ஆனால் பட்டியல் வேறு, பதிவேடு வேறு. எந்தப் பதிப்புக்கு, எந்தத் தேதியில், எந்தத் தணிக்கையாளரால் சான்று கிடைத்தது, என்ன புகார்கள் வந்தன, அங்கீகாரம் எப்பொழுது நிறுத்தி வைக்கப்பட்டது என்பவை யாவும் யாரும் பார்க்கும்படி அதில் இருக்க வேண்டும். அங்கீகாரத்தை மறுத்தாலும் பறித்தாலும் எழுத்து மூலம் காரணம் கூறவும், அப்பீல் செய்யவும் இடம் வேண்டும். குறிப்புகள் வெளியானால் ஆஸ்பத்திரியும் மென்பொருள்காரரும் சேர்ந்தும் தனித்தும் நோயாளிக்கு ஈடு செய்யக் கடமைப்பட்டவராக வேண்டும்.

மற்றுமொரு விஷயம். சம்மதம் என்பது புரிந்துகொண்டு கொடுப்பது. எட்டாவது அட்டவணையிலுள்ள எந்தப் பாஷையிலும் சம்மத அறிவிப்பைப் படிக்க வசதி வேண்டுமென்று 2023-ஆம் வருஷத்துச் சட்டமே கூறுகிறது. அங்கீகாரப் பரீக்ஷையில் இதையும் ஒரு பாடமாக்க வேண்டும். தமிழ்நாட்டில் விற்கப்படும் மென்பொருள், உழவர் குடும்பத்துப் பெண்ணொருத்தி ஒருமுறை கேட்டவுடன் விளங்கிக்கொள்ளும் தமிழில் சம்மதம் கேட்கிறதா என்று சோதித்த பின்னரே முத்திரை இட வேண்டும். புரியாத இங்கிலீஷில் கேட்டு, பெருவிரலால் ஒரு தட்டுத் தட்டச் செய்து வாங்குவதைச் சம்மதமென்று எந்தக் கோர்ட்டும் ஏற்கலாகாது.

பார்லிமெண்ட் சட்டம் செய்யும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிகளும் பொது சுகாதாரமும் நமது அரசியல் சாஸனப்படி ராஜ்யங்களின் அதிகாரத்திற்குட்பட்டவை. தமிழ்நாட்டுச் சர்க்கார் தன் ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கும் ஒவ்வொரு மென்பொருளின் ஒப்பந்தத்திலும் மேற்கூறிய நிபந்தனைகளை இன்றே சேர்க்கலாம். அதைத் தடுப்பார் யாருமில்லை. வள்ளுவர் தூதனின் தகுதியைக் கூறுவதற்கென்று ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறார். அது அரசனுடைய தூதனைப் பற்றியது. ஜனநாயகத்தில் அரசனுடைய ஸ்தானம் பிரஜையினுடையது. அவனுடைய தூதனையும் அவ்வாறே ஆராய்ந்து தெரிந்தெடுக்க வேண்டுமென்று சட்டசபை அங்கத்தினர்கள் வரும் கூட்டத்திலேயே மந்திரிகளைக் கேட்பார்களென்று எதிர்பார்க்கிறோம்.