நிலம் அவர்களுடையது, புதர் யாருடையது?



விடியுமுன் எழுந்து பெரட்டுக்கு நடக்கும் நமக்கு இருட்டைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. எந்த வளைவில் லாலாங் ஆளுயரம் மண்டியிருக்கிறது, எந்தக் கம்பத்து விளக்கு எரியாமல் கிடக்கிறது, எந்தப் பாலத்தருகே தனியே போகக் கூடாது என்பதையெல்லாம் பால்மரம் வெட்டும் நம் சகோதரிகள் மனப்பாடமாக அறிவார்கள். தோட்டத்து எல்லைக்குள் ஆபத்து வந்தால் நிர்வாகத்தைக் கேட்கிறோம். சங்கத்தில் தீர்மானம் போடுகிறோம். எல்லையைத் தாண்டி, அரசாங்கத்துக்கோ நகராட்சிக்கோ சொந்தமான மண்ணில் காலை வைத்த பிறகு வரும் ஆபத்துக்கு யாரைக் கேட்பது?

இக்கேள்வி நமக்கு ஏட்டிலிருந்து வந்ததல்ல. நம் தோட்டத்துச் சகோதரி ஒருவர் ஒரு பொது அலுவலகத்துக்குப் பத்திரம் வாங்கப் போனார். திரும்பும்போது, அந்த வளாகத்துக்குள்ளேயே பஸ் நிறுத்தத்துக்குப் போகும் குறுக்குப் பாதையில், புதருக்குப் பின்னாலிருந்து ஒருவன் பாய்ந்து, கழுத்துச் சங்கிலியை அறுத்து, அவரைக் கீழே தள்ளிவிட்டு ஓடினான். வலது கை முறிந்தது. பால்வெட்டுக் கத்தி பிடிக்கும் கை அது. இரண்டு மாதம் மரத்தடிக்குப் போக முடியவில்லை. விசாரித்தபோது, அதே புதரிலிருந்து அதற்கு முன்பே இருவர் தாக்கப்பட்டதும், அது அந்த அலுவலகத்தாருக்குத் தெரியும் என்பதும் வெளிவந்தது. மனு எழுதிக்கொண்டு நாம் போனோம். மேசைக்குப் பின்னால் இருந்தவர் முழுவதும் படிக்காமலே சொன்னார்: "திருடனைப் பிடிப்பது போலீஸ் வேலை. நாங்கள் என்ன செய்ய முடியும்?"

இந்தப் பதிலைத்தான் இன்று நாம் விசாரணைக்கு எடுக்கிறோம்.

ஐயா, திருடனைப் பிடித்துத் தரும்படி உங்களை யார் கேட்டார்? புதரை வெட்டச் சொன்னோம். விளக்கைப் போடச் சொன்னோம். 'இவ்வழியே தனியே போகாதீர்' என்று ஒரு பலகை நடச் சொன்னோம். இதில் எது போலீஸ் வேலை? அந்தப் புதரை வளர்த்தது போலீஸா?

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் நாட்டுச் சட்டத்துக்கு வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. அங்கே 1866ஆம் ஆண்டு ஒரு வழக்கு தீர்ந்தது. காஸ் குழாய் வேலை செய்யும் தொழிலாளி ஒருவர், தம் முதலாளி அனுப்ப, ஒரு சர்க்கரை ஆலைக்குப் போனார். ஆலையின் மாடியில் மூட்டை ஏற்றி இறக்கும் திறப்பு ஒன்று வேலியின்றிக் கிடந்தது. அதன் வழியே விழுந்து காயப்பட்டார். 'அவர் எங்கள் கூலியாள் அல்லவே' என்ற ஆலைக்காரர் வாதம் எடுபடவில்லை. தன் காரியமாக வந்த ஒருவருக்கு, தான் அறிந்த அல்லது அறிந்திருக்க வேண்டிய அசாதாரண ஆபத்திலிருந்து நியாயமான பாதுகாப்புத் தர, இடத்தைத் தன் கையில் வைத்திருப்பவன் கடமைப்பட்டவன் என்று நீதிமன்றம் சொன்னது. ஒரு கூலித் தொழிலாளியின் முறிந்த உடம்பிலிருந்து பிறந்த சட்டம் அது, தோழர்களே!

'திறப்பு அசையாமல் கிடப்பது. திருடன் தன் இஷ்டத்துக்கு வருகிறவன். இரண்டும் ஒன்றாகுமா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். இக்கேள்வி அமெரிக்காவில் உயர்ந்த நீதிமன்றங்கள் வரை போயிருக்கிறது. அங்கும் சட்டத்தின் வேர் அதே இங்கிலாந்துதான். ஆகவே அங்கு நடந்தது நமக்குப் பயன்படும்.

கலிஃபோர்னியா மாநிலத்தின் சான்பிரான்சிஸ்கோவில் ஒரு பொதுக் கல்லூரி. அரசாங்கச் சொத்து. 1978 ஏப்ரலில், அங்கே படித்த பெண் ஒருவர் கார் நிறுத்துமிடத்துப் படிக்கட்டில் ஏறும்போது, அடர்ந்து கிடந்த புதருக்குப் பின்னாலிருந்து ஒருவன் பாய்ந்து மானபங்கம் செய்ய முயன்றான். அதே முறையில் அங்கே முன்பும் தாக்குதல் நடந்திருக்கிறது, கல்லூரிக்கு அது தெரியும், தெரிந்தும் மாணவருக்குச் சொல்லவில்லை என்பது அவர் வழக்கு. கீழ் நீதிமன்றம் சாட்சியத்தைக் கேட்காமலே வழக்கைத் தள்ளியது. 1984இல் மாநில உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பியது.

அது சொன்ன விதத்தைக் கவனியுங்கள். போதுமான போலீஸ் காவல் போடவில்லை என்பதற்காக அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட முடியாது என்று அம்மாநிலத்தில் ஒரு சட்டம் உண்டு. அதை நீதிமன்றம் அழிக்கவில்லை. ஆனால் புதரை வெட்டுவதும், ஆபத்தைச் சொல்லி எச்சரிப்பதும் போலீஸ் காவல் ஆகாது என்றது. பணம் கட்டிப் படிக்க வந்து, நாளின் பெரும்பகுதியை அங்கேயே கழிக்கும் மாணவர், குற்றத்துக்கு வசதி செய்து தரும் நிலைமைகள் அவ்விடத்தில் இராதபடி நிர்வாகம் பார்த்துக்கொள்ளும் என்று எதிர்பார்ப்பது நியாயமே என்றது. அந்தப் பெண்ணுக்கு அங்கேயே நஷ்டஈடு கிடைத்துவிடவில்லை. தம் வழக்கை நடத்தும் உரிமைதான் கிடைத்தது. ஆயினும் 'போலீஸ் வேலை' என்ற கேடயத்தில் அன்று பெரிய ஓட்டை விழுந்தது.

அதே 1984இல் நியூயார்க்கிலும் ஒரு தீர்ப்பு வந்தது. மாநில அரசுப் பல்கலைக்கழகத்தின் மாணவர் விடுதி. அந்நியர் நடமாட்டம் பற்றி முன்பே புகார் இருந்தும் வெளிக்கதவுகளைப் பூட்டுவதில்லை. 1975இல் ஒருவன் உள்ளே வந்து, துணி துவைக்கும் அறையிலிருந்த மாணவியைக் கத்தி காட்டி இழுத்துப் போய்க் கெடுத்தான். வீட்டை வாடகைக்கு விடும் அரசாங்கம், வீட்டுக்காரனுக்கு உள்ள கடமையிலிருந்து தப்ப முடியாது என்று மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் கூறியது. போலீஸ் பற்றாக்குறை வேறு, பூட்டாத கதவு வேறு என்பதுதான் அதன் சாரம்.

எல்லாத் தீர்ப்பும் இப்படியே இருந்தன என்று நாம் பொய் சொல்ல மாட்டோம். சங்கப் பத்திரிகை தொழிலாளியை ஏமாற்றக் கூடாது. கலிஃபோர்னியாவில் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கடற்கரையில் இரவு உறங்கிய இருவரை யாரோ தாக்கினார்கள், ஒருவர் இறந்தார். 1974இல் அந்த வழக்கு தோற்றது. அதே மாநிலத்தில் 1995இல், நீதிமன்றக் கட்டடத்துக்குள்ளேயே ஒரு பெண்ணை அவருடைய முன்னாள் கணவன் சுட்டுக் கொன்றான். அவனால் ஆபத்து என்று அவர் காவலரிடம் முன்பே சொல்லியிருந்ததாக வழக்கில் கூறப்பட்டது. பிள்ளைகள் தொடுத்த அந்த வழக்கும் 2002இல் தோற்றது. கட்டடத்தின் அமைப்பில் உள்ள குறை அந்தக் கொலைக்கு வழி செய்யவில்லை, கொலைகாரனின் செயல் மட்டுமே ஆபத்து என்பது அங்கே சொன்ன காரணம்.

இந்தக் கடைசித் தீர்ப்பை நாம் ஏற்கவில்லை. குடிமகளை வரச்சொல்லி அழைத்த கட்டடத்துக்குள் துப்பாக்கி நுழைந்தது கட்டடத்தின் குறை ஆகாதாம்! புதரைவிட வாசல் பெரிதல்லவா? ஆயினும் வென்ற வழக்கையும் தோற்ற வழக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் தெளிவாகிறது. வென்ற இடங்களில் இரண்டு விஷயம் இருந்தன. ஒன்று, குற்றவாளிக்கு உதவிய இடக்குறை: புதர், பூட்டாத கதவு. மற்றொன்று, அது ஆபத்து என்று நிர்வாகத்துக்கு முன்பே தெரியும் என்பது. இவ்விரண்டையும் காட்ட முடிந்தவன் வாசலைத் தாண்டுகிறான். முடியாதவன் வாசலில் நிற்கிறான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். தீபகற்ப மலேசியாவில், 1956ஆம் ஆண்டுச் சிவில் சட்டத்தின்படி, அவ்வாண்டு ஏப்ரல் 7ஆம் தேதி இங்கிலாந்தில் இருந்த பொதுச் சட்டமே நமக்கு அடித்தளம். அந்தப் பழைய சட்டம் ஓரிடத்துக்கு வருகிறவரை மூன்று சாதியாகப் பிரித்தது: காரியமாக அழைக்கப்பட்டவர், சும்மா அனுமதிக்கப்பட்டவர், அத்துமீறியவர். சாதிக்குத் தக்க பாதுகாப்பு! இங்கிலாந்தே 1957இல் புதுச் சட்டம் செய்து, முதல் இரண்டு சாதியையும் ஒன்றாக்கியது. தேதி பிந்திவிட்டதால் அது இங்கே தானாக வந்து சேரவில்லை. சிங்கப்பூரின் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் அந்தப் பிரிவுகளை விட்டு, பொதுவான கவனக்குறைவுச் சட்டத்தின் கீழ் இதைக் கொண்டுவந்தது. நம் நாடாளுமன்றமும் இதைத் தெளிவான சட்டமாக எழுத வேண்டும் என்று நாம் கேட்கிறோம்.

அரசாங்கத்தின் மேல் வழக்கே போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1956ஆம் ஆண்டு அரசாங்க வழக்குகள் சட்டம் வரம்புகளுடன் அதற்கு வழி வைத்திருக்கிறது. ஆனால் 1948ஆம் ஆண்டுப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம் கெடுவும் வைத்திருக்கிறது: 36 மாதத்துக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பிக் காத்திருந்தவனுக்கு அந்தக் கெடு தெரியாமலே கடந்துபோகும்.

'இதற்கெல்லாம் பணம் எங்கே?' என்பார்கள். ரப்பர் மரத்தைச் சுற்றிக் களை மண்டினால் தோட்டம் ஆள் போட்டு வெட்டுகிறது. மரத்துக்கு உள்ள மதிப்பு மனிதருக்கு இல்லையா? ஊர் முழுவதும் காவல் போடச் சொல்லவில்லை. அழைத்த இடத்தில், தெரிந்த ஆபத்துக்கு, கையால் செய்யக் கூடிய வேலையைச் செய்யச் சொல்கிறோம்.

கிராணித் தோழர்களே, இங்கேதான் உங்கள் பேனா வேண்டும். 'எங்களுக்குத் தெரியாது' என்பதே அவர்களுடைய கடைசிக் கோட்டை. அதை இடிக்க ஒரு தாள் போதும். நம் சகோதரியின் வழக்கில் முன்பு தாக்கப்பட்ட இருவரும் வாயால் சொன்னார்கள்; எவரும் எழுதவில்லை. எழுதியிருந்தால் அந்த மேசைக்காரர் அப்படிப் பேசியிருப்பாரா?

ஆகவே ஒவ்வொரு கிளையும் இம்மாதமே செய்ய வேண்டியது இது. பெண்கள் நடக்கும் பொதுப் பாதைகளை அவர்களோடு நடந்து பாருங்கள். புதர், எரியாத விளக்கு, உடைந்த வேலி, பூட்டாத கதவு எல்லாவற்றையும் குறியுங்கள். முன்பு நடந்த தாக்குதலைத் தேதியோடு எழுதுங்கள். அந்த நிலம் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களுக்குக் கடிதம் கொடுங்கள். கொடுத்ததற்கு முத்திரையும் தேதியும் வாங்குங்கள். நகலைக் கிளையில் வையுங்கள். யாராவது தாக்கப்பட்டால் போலீஸில் புகார் கொடுத்த அன்றே சங்கத்துக்கும் தெரிவியுங்கள்.

நம் சகோதரியின் கை கூடிவிட்டது. மழை நாளில் இன்னும் வலிக்கிறது என்கிறார். அந்தப் புதர் இன்னும் அங்கேயே நிற்கிறது. அதைப் பற்றிய கடிதம், முத்திரையோடும் தேதியோடும், இப்போது நம் கிளையில் இருக்கிறது. இனி ஒருவர் அங்கே விழுந்தால், 'தெரியாது' என்று சொல்ல அவர்களுக்கு வாய் இராது.