பச்சிளம் பிள்ளைக்குக் கசாயம் வேண்டாம்

பிறந்து மூன்றாம் நாள் பிள்ளையின் கண்ணில் மஞ்சள் தெரிந்தால், வீட்டு மூத்தவர்களின் நினைவு கீழ்காய்நெல்லிக்குப் போவது திருகோணமலை மாவட்டத்தில் புதிதல்ல. அவர்களுடைய அக்கறையில் பிழையில்லை; ஆனால் அந்த மூலிகை பேரெடுத்தது வேறொரு நோயில். 1988இல் லான்செட் இதழில் வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தியாகராஜன் குழுவின் ஆய்வு, ஹெபடைட்டிஸ் பி கிருமியைச் சுமந்த பெரியவர்களைப் பற்றியது. அங்கு கண்ட பலனும் பின்வந்த பல சோதனைகளில் கிட்டவில்லை. சிசுவின் ஈரலிலோ பெரும்பாலும் நோயே இல்லை. சிவப்பணுக்கள் சிதைவதால் சேரும் பிலிருபின் என்ற மஞ்சள் பொருளை வெளியேற்ற ஈரல் இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான். நிறைமாதக் குழந்தைகளில் பத்தில் ஆறு பேருக்கு இந்த மஞ்சள் வந்து, பெரும்பாலும் இரண்டு கிழமைக்குள் தானே வடிந்துவிடுகிறது. அந்த நாட்களில் எந்தக் கசாயத்தைக் கொடுத்திருந்தாலும் புகழ் அதற்கே போய்ச் சேரும். வடியாமல் ஏறும் சில பிள்ளைகளில் பிலிருபின் மூளையில் படிந்து, செவிட்டுத்தன்மையையும் கைகால் முறுக்கத்தையும் வாழ்நாள் முழுக்க விட்டுவிடும்.

சீனாவில் 'யின் ஜி ஹுவாங்' என்ற மூலிகைப் பானம் சிசுக்களுக்குக் கொடுக்கப்படுகிறதே, பிலிருபின் விரைவாகக் குறைந்ததாக ஆய்வுகளும் உண்டே என்று கேட்கலாம். உண்மைதான். அந்த ஆய்வுகளில் பிள்ளையை மஞ்சளைக் குறைக்கும் ஒளிச் சிகிச்சை லைட்டில் வைத்துக்கொண்டேதான் பானத்தையும் கொடுத்தார்கள். அவற்றில் பல தரம் குறைந்தவை. அதே மருந்தின் ஊசி வடிவத்தைச் சிசுக்களுக்கு ஆகாது என்று 2016இல் விலக்கியதும் சீன அரசே. சிங்கப்பூரோ வேறு சில மூலிகைகளை, பெர்பெரின் என்ற பொருள் உள்ளவற்றை, 1978இல் தடைசெய்தது. 2013இல்தான் தளர்த்தத் தொடங்கியது. சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி நொதி குறைந்த குழந்தைகளில் பெர்பெரின் மஞ்சளைக் கடுமையாக்கும் என்ற அச்சமே தடைக்குக் காரணம். இது தூரத்துக் கதையல்ல. காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு நாம் அவிக்கும் மரமஞ்சளில், சிங்களத்தில் வெனிவெல் என்கிறார்களே அதில், இருப்பதும் பெர்பெரின்தான். மலேரியா நெடுங்காலம் குடியிருந்த நிலங்களில் அந்த நொதிக் குறைபாடும் கூடுதலாகக் காணப்படும்; கிழக்கு மாகாணம் அத்தகைய நிலம். குறைபாடுள்ள பிள்ளைக்கு உடுப்புப் பெட்டியில் போட்ட பாச்சை உருண்டைகூட ஆபத்து.

சித்த வைத்தியத்தை ஒதுக்கச் சொல்லவில்லை. ஒளிச் சிகிச்சையும் ஒரு தாதியின் அவதானத்தில் பிறந்ததே: 1956இல் இங்கிலாந்தின் ரோச்ஃபோர்டு வைத்தியசாலையில், வெயில் பட்ட இடத்தில் குழந்தையின் மஞ்சள் வெளுத்திருப்பதை சிஸ்டர் வார்ட் கவனித்தார், வைத்தியர்கள் அளந்து பார்த்து, 1958இல் வெளியிட்டார்கள். நம் மூலிகைகளுக்கும் அந்த வழி திறந்தே இருக்கிறது. சித்த மருத்துவம் கற்பிக்கும் திருகோணமலை வளாகம் அதை முன்னெடுக்கலாம். அதுவரை சரக்குக்கறி தாய்க்கு இருக்கட்டும். பிள்ளைக்கு நாளுக்கு எட்டுத் தடவைக்குக் குறையாமல் தாய்ப்பால். பிலிருபின் மலத்தோடு வெளியேற அதுவே உதவும். முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, கால்வரை இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, மலம் வெளிறினாலோ உடனே வைத்தியசாலை. கைமருந்து கேட்டு வரும் தாயை, பிலிருபின் அளவு பார்த்துவிட்டு வரும்படி முதலில் அனுப்ப வேண்டியவர்கள் இம்மாவட்டத்துச் சித்த வைத்தியர்களே.