கையெழுத்து உண்டு, மனசு இல்லை

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்திட்டது 1997 அக்டோபர் 14-ம் தேதி. ஐ.கே. குஜ்ரால் பிரதமராக இருந்த நேரம். பிறகு பா.ஜ.க. ஆண்டது, காங்கிரஸ் ஆண்டது, மீண்டும் பா.ஜ.க. வந்தது. தாம்பூலம் மாற்றியாயிற்று; முகூர்த்தம்தான் குறித்தபாடில்லை. இறுதி ஒப்புதல் தராதவரை ஒப்பந்தத்தின் ஷரத்துகள் இந்தியாவைக் கட்டுப்படுத்தாது.

1984-ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற இந்த ஒப்பந்தத்தில் 170-க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்துவிட்டன. சீனா 1988-ல், நேபாளம் 1991-ல், இலங்கை 1994-ல், வங்கதேசம் 1998-ல், பாகிஸ்தான் 2010-ல். அங்கெல்லாம் லாக்கப்பில் அடி உதை நின்றுவிட்டது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த அரசுகள் ஐ.நா. கமிட்டியின் முன் அறிக்கை வைத்துப் பதில் சொல்லியாக வேண்டும். இந்தியாவுக்கு அந்தச் சங்கடம் இல்லை.

இருக்கிற சட்டமே போதும் என்பது டெல்லியின் பழைய வாதம். வாக்குமூலம் வாங்குவதற்காகக் காயப்படுத்தினால் 7 வருடம், கொடுங்காயம் என்றால் 10 வருடம்வரை சிறை என்கிறது சட்டம். கைது செய்தால் குடும்பத்துக்குத் தகவல், 48 மணி நேரத்துக்கு ஒருமுறை மருத்துவப் பரிசோதனை என்று டி.கே. பாசு வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் விதிகள் வகுத்தது. காகிதத்தில் குறையில்லை. ஆனால் லாக்கப்பில் நடந்ததற்கு சாட்சி யார்? பெரும்பாலும் சக போலீஸ்காரர்தான். காவலில் இருந்தவருக்குக் காயம் என்றால், அதற்குக் காரணம் போலீஸ்தான் என்று கோர்ட் அனுமானிக்கலாம் என 1985-லேயே சட்டக் கமிஷன் சிபாரிசு செய்தது. அது இன்னும் சட்டமாகவில்லை.

முயற்சியே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2010 மே மாதம் லோக்சபா ஒரு மசோதாவை நிறைவேற்றியது. புகார் தர 6 மாதம்தான் கெடு, வழக்கு தொடர அரசின் முன்அனுமதி வேண்டும் என்று பல் பிடுங்கிய மசோதா. ராஜ்யசபாவின் தேர்வுக் கமிட்டி அதைச் செப்பனிட்டுக் கொடுத்தது. அவ்வளவுதான். 2014-ல் லோக்சபாவோடு மசோதாவும் காலாவதியானது. 2017 அக்டோபரில் சட்டக் கமிஷன் தன் 273-வது அறிக்கையில் ஒப்புதல் தரச் சொல்லி, புதிய மசோதாவையும் எழுதிக் கொடுத்தது. மாநிலங்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்றது மத்திய அரசு. சட்டம் இயற்றும்படி பார்லிமெண்டுக்கு உத்தரவிட முடியாது என்று 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் ஒதுங்கிக்கொண்டது.

அந்நியர் வந்து நம் சிறைகளைக் குடைவார்கள் என்ற அச்சமும் பேசப்படுகிறது. ஐ.நா. கமிட்டியின் விசாரணை அதிகாரத்தை ஏற்க மறுத்துவிட்டே சேர ஒப்பந்தத்தின் 28-வது ஷரத்து இடம் தருகிறது. சிறைகளைப் பார்வையிடுவதோ தனி உடன்படிக்கை. அதில் சேர வேண்டிய கட்டாயமில்லை.

தயக்கத்துக்கு விலையும் உண்டு. 1995-ல் மேற்கு வங்காளத்தின் புருலியாவில் விமானத்திலிருந்து ஆயுதம் வீசப்பட்ட வழக்கில் தேடப்படும் கிம் டேவியை அனுப்ப டென்மார்க் கோர்ட் 2011-ல் மறுத்துவிட்டது. இந்தியாவில் சித்திரவதைக்கு ஆளாகும் அபாயம் உண்டு என்பதே காரணம். 2024-லும் அங்கே அதே பதில்தான். தேசப் பாதுகாப்புக்குக் கடுமை தேவை என்பவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

அடியாத மாடு படியாது என்ற நினைப்பு போலீஸுக்கு மட்டும் உரியதல்ல. முட்டிக்கு முட்டி தட்டினால்தான் உண்மை வரும் என்று சினிமாவில் கைதட்டும் சமூகம் இது. 2020-ல் சாத்தான்குளத்தில், ஊரடங்கின்போது கடையைத் திறந்து வைத்திருந்ததாகப் பிடிக்கப்பட்ட தந்தையும் மகனும் இறந்த பிறகுதான் அந்தக் கைதட்டல் கொஞ்சம் அடங்கியது. அடிபடுபவன் எப்போதும் ரௌடியாகவே இருப்பதில்லை என்பது அன்று புரிந்தது. சட்டக் கமிஷன் எழுதிய மசோதா தயாராக இருக்கிறது. அதைத் தூசி தட்டி எடுக்க இன்னொரு சாத்தான்குளம் தேவைப்படக் கூடாது.